'யாரிட்ட இருந்து வந்தது?' எண்டு கேட்கிறதுக்கு முதல்

ஹொஸ்டலிலோ போர்டிங்கிலோ ஒரு பெடியன் தன்ர அறைக்காரனிடம் "மச்சான், அங்க ஒரே கடியா இருக்கு" என்று சொன்னால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். முதலாவது சிரிப்போடு வரும்: "யாரோட போனனீ?" மற்றது கொஞ்சம் அக்கறையோடு வரும்: "பாமசியில ஒரு ரியூப் வாங்கிப் பூசு, சரியாயிடும்." இரண்டுமே பிழை என்பதுதான் எங்கள் வாதம். முதலாவது அந்த இடத்தில் இல்லாத ஒரு பெண்ணைக் கூண்டில் ஏற்றுகிறது. இரண்டாவது பல நேரங்களில் இருக்கிற வருத்தத்தைக் கூட்டிவிடுகிறது.

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள், டொக்டர்கள் இல்லை. மருந்து எழுதித்தர வரவில்லை. ஆனால் ஒரு சாதாரணத் தொற்று எங்கட பெடியளின் வாயில் எப்படி ஒழுக்கப் பிரச்சினையாக மாறுகிறது என்பதைக் கதைக்க வெள்ளைக் கோட்டு தேவையில்லை.

மதுவம் என்ற சொல்லை ஓ.எல். விஞ்ஞானப் புத்தகத்தில் எல்லாரும் படித்திருப்போம். பாண் பொங்குவதும் கள்ளுப் புளிப்பதும் மதுவத்தால்தான். அப்பமாவுக்குக் கொஞ்சம் கள்ளு விட்டுக் கரைத்து வைக்கிற அம்மம்மாமார் புத்தகம் படிக்காமலே இதை அறிந்தவர்கள். நாங்கள் இங்கே சொல்கிற மதுவம் அதற்குத் தூரத்துச் சொந்தம். பெயர் கன்டிடா, பெரும்பாலும் கன்டிடா அல்பிகன்ஸ் என்ற இனம். பங்கசுக் குடும்பத்தில் இதுவும் ஒன்று. சுகமாக இருக்கிற எத்தனையோ பேரின் வாயிலும் குடலிலும் தோல் மடிப்புகளிலும் பிறப்புறுப்பிலும் இது ஒரு தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கிறது. ஈரமும் சூடும் கூடினால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்தால், கூட இருந்து இதை அடக்கி வைத்த பக்ரீறியாக்கள் அழிந்தால், அளவுக்கு மீறிப் பெருகும். தொற்று என்று நாங்கள் சொல்வது இந்தப் பெருக்கத்தைத்தான். வெளியில் இருந்து யாரும் கொண்டு வந்து தரத்தான் வேண்டும் என்று இல்லை. இதை முதலில் மனதில் வைத்தால் மிச்சக் கதை லேசு.

பெண்களுக்கு இது வருவது ஓரளவுக்கு எல்லாருக்கும் தெரியும். நான்கு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது வரும் என்று மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன. அந்தளவு சாதாரணம். ஆண்களுக்கு வருவது குறைவு, ஆனால் வரும். ஆண்குறியின் முனை சிவக்கும், சில நேரம் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெரியும். கடிக்கும், எரியும். முன்தோலுக்குக் கீழே தயிர் திரைந்த மாதிரி வெள்ளையாகப் படியும், மணமும் இருக்கலாம். வீக்கம் கூடினால் முன்தோலைப் பின்னுக்கு இழுக்கவே கஷ்டமாக இருக்கும், சலம் போகும்போது எரியும். முன்தோலுக்கு உள்ளே ஈரம் தங்குவதால்தான் அந்த இடம் மதுவத்துக்குத் தோதாக இருக்கிறது. சுன்னத்துச் செய்த ஆண்களுக்கு இது குறைவாக வருவதற்கும் காரணம் அதுதான். அதற்காக யாரும் கத்தியைத் தேடத் தேவையில்லை. கழுவித் துடைத்து உலர வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அந்தப் பாதி வேலைதான் எங்கட வாழ்க்கையில் நடக்கிறதில்லை. யோசித்துப் பாருங்கோ. ஏப்ரல் மாத வெயிலில், காற்றுப் போகாத ஜீன்ஸோடு, சனம் நிரம்பின பஸ்ஸில் ஒரு மணித்தியாலம் நின்று கம்பஸுக்கு வருகிறோம். பின்னேரம் கிரிக்கெற் விளையாடிவிட்டு அதே வேர்வையோடு கன்ரீனில் இருந்து இரவு எட்டு மணி வரைக்கும் அலட்டுகிறோம். ஹொஸ்டலில் தண்ணீர் வரும் நேரம் ஒன்று, வராத நேரம் பல. நாலு பேர் அறையில் துவாய் யாருடையது என்று பார்த்து எடுக்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. தோய்த்த ஜட்டி வெயிலைக் காணாமல் கட்டில் கம்பியில் தொங்கி, அரைகுறை ஈரத்தோடு அடுத்த நாள் உடம்பில் ஏறுகிறது. பெண்பிள்ளைகளின் நிலைமை இதைவிட மோசம். உள்ளாடையைக் கொடியில் போட்டால் மேலே ஒரு சேலையையோ துவாயையோ போட்டு மூடவேண்டும் என்றுதான் வீட்டில் பழக்கியிருக்கிறார்கள். வெயிலுக்குக் கூடக் காட்டக்கூடாத பொருளாம்!

இதைவிட இன்னும் இரண்டு காரணங்களைச் சொல்லவேண்டும். காய்ச்சல், தடிமன் என்றதும் பாமசியில் சொல்லி அன்ரிபயோட்டிக் கப்சூல் வாங்கி மூன்று நாள் போடுகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. கன்டிடாவைக் கட்டுக்குள் வைத்திருக்கிற நல்ல பக்ரீறியாக்களையும் அது சேர்த்து அழித்துவிடும். மற்றது நீரிழிவு. இரத்தத்தில் சீனி கூடினால் சலத்திலும் சீனி போகும், மதுவத்துக்கு அது சாப்பாடு. திரும்பத் திரும்ப இந்தத் தொற்று வருகிற ஆணுக்குச் சீனி பார்க்கச் சொல்லி டொக்டர் எழுதுவது அதனால்தான். சிலருக்கு நீரிழிவு இருப்பதே இப்படித்தான் தெரியவருகிறது. 'அப்பாவுக்குத்தானே சீனி, எனக்கு என்ன வயசு' என்று விட்டுவிட ஏலாது.

இந்தப் பட்டியல் முழுவதையும் திரும்ப ஒருக்கா வாசியுங்கோ. இதில் எங்கேயாவது ஒரு பெண் வருகிறாளா? ஒரு காதலியும் இல்லாத, ஒருத்தரையும் தொடாத பெடியனுக்கும் இது வரும். நப்பி கட்டுகிற கைக்குழந்தைக்கும் கன்டிடா வரும், கட்டுப்பல் போட்ட தாத்தாவின் வாயிலும் வரும். அவர்களிடம் போய் "யாரோட போனனீ" என்று யாரும் கேட்பதில்லை.

சரி, அப்படியென்றால் தொற்றவே தொற்றாதா? தொற்றும். இந்த இடத்தில்தான் எங்கட ஆக்கள் இரண்டு பக்கமும் வழுக்கி விழுகிறார்கள். மருத்துவர்கள் இதைப் பாலியல் நோய்களின் பட்டியலில் சேர்ப்பதில்லை. அதே நேரம் உடலுறவின்போது ஒருவரிடம் இருந்து மற்றவருக்குப் போகக்கூடும் என்றும் சொல்கிறார்கள். யோனியில் மதுவத் தொற்று இருக்கிற பெண்ணோடு ஆணுறை இல்லாமல் உறவு கொண்ட ஆண்களில் சிறு பகுதியினருக்கே முனையில் அழற்சி வருகிறது. வேறு சிலருக்குக் கொஞ்ச நேரம் சிவந்து கடித்துவிட்டுத் தானாகப் போய்விடும். கனபேருக்கு ஒன்றுமே வராது. ஆணிடம் இருந்து பெண்ணுக்கும், ஆணிடம் இருந்து ஆணுக்கும், வாய்வழி உறவில் வாய்க்கும் போகலாம். ஒருவருக்கு வந்தால் ஒரு குறியும் இல்லாத மற்றவருக்கும் கட்டாயம் மருந்து கொடுக்கவேண்டும் என்பது பொதுவான நடைமுறை இல்லை. இரண்டு பேருக்கும் கடியோ சிவப்போ இருந்தால் இரண்டு பேரும் காட்டவேண்டும்.

யார் யாருக்குக் கொடுத்தது என்று சொல்ல ஒரு வழியும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இரண்டு பேரின் உடம்பிலும் ஏற்கெனவே கன்டிடா இருந்திருக்கலாம். போன கிழமை போட்ட கப்சூலா, ஈர ஜட்டியா, அவளா, அவனா என்று பிரித்துக் காட்டுகிற பரிசோதனை எந்த ஆய்வுகூடத்திலும் செய்வதில்லை. ஆய்வுகூடம் சொல்லாததை எங்கட பெடியள் ஒரு நிமிசத்தில் சொல்லிவிடுவார்கள். "அவளுக்கு முதல் ஒரு ஆள் இருந்தது தெரியுமோ" என்று தொடங்கும் கதை, அந்தக் காதல் முறிந்த பிறகும் அந்தப் பிள்ளையின் பெயரோடு பீடம் பீடமாக நடக்கும். கலியாணம் முடித்து முதல் மாதத்தில் புருஷனுக்குக் கடி வந்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கோ. அவனுக்கு வந்த தொற்றுக்கு அவளின் பழைய வாழ்க்கை விசாரிக்கப்படும். ஒரு பங்கசைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் நடத்தைக்குத் தீர்ப்பு எழுதுவதை நாங்கள் அறியாமை என்று மட்டும் சொல்லி விடத் தயாரில்லை. அதில் வசதியும் இருக்கிறது. பழியை அவள் தலையில் போட்டால் தன்னுடைய துவாயைப் பற்றி ஒருவனும் யோசிக்கத் தேவையில்லை.

மற்றப் பக்கத்து வழுக்கல் இன்னொரு மாதிரி. "அது எஸ்.ரி.டி. இல்லையாம், ஒண்டும் இல்லை" என்று வாசித்துவிட்டு, முனை சிவந்து கடித்துக்கொண்டு இருக்கும்போதே ஒன்றும் சொல்லாமல் உறவு வைத்துக்கொள்வது. இதன் விலை எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கோ. அவனுக்குக் கடித்தால் கதவைச் சாத்திவிட்டு ஒரு கிறீம் பூசுவான். அவளுக்குக் கடித்து வெள்ளை படத் தொடங்கினால் பாமசிக் கவுண்டரில் நாலு பேர் கேட்க மருந்தின் பெயர் சொல்லவேண்டும். கிளினிக்குக்குப் போனால் என்ன வருத்தம் என்று கேட்கிறதுக்கு முதல் "கலியாணம் முடிச்சாச்சோ?" என்று கேட்கிறார்கள். இல்லை என்று சொன்னால் ஒரு பார்வை, ஓம் என்று பொய் சொன்னால் "அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ". இந்தப் பயத்தில் மாதக்கணக்காகக் கடியோடு பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பெண்களுக்குத் திரும்பத் திரும்ப வருவதெல்லாம் ஆணால்தான் என்று நாங்கள் சொல்லவில்லை, பெரும்பாலும் அப்படி இல்லை. ஆனால் அவன் தன்னுடையதை வாய் திறந்து சொல்லியிருந்தால் அவளுக்குக் குறைந்தபட்சம் தனக்கு என்ன நடக்கிறது என்றாவது தெரிந்திருக்கும்.

சொல்வது அவ்வளவு பெரிய வேலையும் இல்லை. வாட்ஸ்அப்பில் நாலு வரி: "எனக்கு அங்க பங்கசுத் தொற்று. டொக்டரிட்ட காட்டினனான், மருந்து தந்தவர். பயப்பிடுற வருத்தம் இல்லை, உன்னால வந்தது எண்டும் இல்லை. உனக்கும் கடி, எரிவு ஏதும் இருந்தா காட்டு. மருந்து முடியும் வரைக்கும் பொறுப்பம்." இதை அனுப்ப வெட்கப்படுகிற அளவுக்கு இருக்கிற உறவில், உடுப்புக் கழட்ட மட்டும் வெட்கம் இல்லாமல் இருப்பது எங்களுக்கு விளங்காத புதிர்.

'மருந்து முடியும் வரைக்கும்' என்றதற்கும் அர்த்தம் இருக்கிறது. பங்கசுக் கிறீமை வழக்கமாக ஒன்று இரண்டு கிழமை பூசச் சொல்வார்கள். மூன்றாம் நாள் கடி நின்றதும் ரியூபை லாச்சிக்குள் எறிந்தால் மிச்சம் இருக்கிறது திரும்ப முளைக்கும். இடையில் பொறுக்க ஏலாதவர்கள் ஆணுறை போடத்தான் வேண்டும், அதிலும் ஒரு சிக்கல். குளோற்றிமசோல் மாதிரியான கிறீம்கள் லேற்றெக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கக்கூடியவை. தேங்காயெண்ணெயும் அப்படித்தான். மதுவத்துக்குப் பயந்து போட்ட உறை கிழிந்தால் வருவது வேறு பயம். அதனால் பொறுக்கிறதுதான் லேசு.

இனி அந்த இரண்டாவது பதிலுக்கு வருவோம், அந்த ரியூப். பாமசியில் 'கடிக்கு' என்று கேட்டால் கையில் வருவது பல நேரங்களில் கலவைக் கிறீம். பங்கசு மருந்தோடு ஸ்ரெரொயிட்டும் அன்ரிபயோட்டிக்கும் ஒரே ரியூபுக்குள் இருக்கும். ஸ்ரெரொயிட் கடியையும் சிவப்பையும் ஒரு இரவில் அமத்திவிடும், அதனால் 'நல்ல மருந்து' என்று பெயர் எடுக்கும். ஆனால் அது தோலின் எதிர்ப்பையும் சேர்த்து அமத்துகிறது, பங்கசு உள்ளே இருந்து பரவும். அந்த இடத்துத் தோல் மெல்லியது. மாதக்கணக்காகப் பூசினால் இன்னும் மெலியும், கோடு விழும். பக்கத்து இந்தியாவில் இப்படிக் கலவைக் கிறீம்களைக் கண்டபடி பூசியதும் ஒரு காரணமாக, சாதாரண மருந்துக்கு அடங்காத படை பரவி, தோல் டொக்டர்கள் வருடக்கணக்காகத் தலையைப் பிய்த்துக்கொண்டு இருக்கிறார்கள். இதே ரியூப்தான் எங்கட ஹொஸ்டல்களில் ஒரு அறையில் இருந்து மற்ற அறைக்குக் கைமாறுகிறது, மூடியும் இல்லாமல்.

ரியூப் இல்லாட்டி டெற்றோல். "டெற்றோல் விட்டுக் கழுவு மச்சான், கிருமி செத்திடும்." ஏற்கெனவே புண்ணாகி இருக்கிற தோலில் அதையோ வாசனைச் சவர்க்காரத்தையோ போட்டால் எரிச்சல்தான் கூடும். வெறும் தண்ணீர் போதும். கழுவி, ஒத்தித் துடைத்து, காற்றுப்பட விட்டு, பருத்தி உள்ளாடை. இரவில் சாரம் மட்டும் கட்டிக்கொண்டு படுக்கிற எங்கட தாத்தாமாரின் பழக்கத்தில் நல்ல விஞ்ஞானம் இருக்கிறது!

ரியூபைவிட நாங்கள் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. கடிக்கிறது எல்லாம் மதுவம் இல்லை. தொடை இடுக்கில் வட்டம் வட்டமாக ஓரம் தடித்துப் பரவுகிற படை வேறு பங்கசு, மருந்து எடுக்கிற காலமும் வேறு. சவர்க்கார ஒவ்வாமையும் இதே மாதிரிச் சிவக்கும். சலக்குழாயால் சீழ் மாதிரி வந்தால் அது கொனோரியாவாக இருக்கலாம். கொத்தாக நோகிற கொப்புளம் ஹேர்ப்பீஸாக இருக்கலாம். நோவே இல்லாத ஒரு புண் வந்து தானாக ஆறிப்போனால் 'அப்பாடா' என்று இருக்கவே கூடாது. சிபிலிஸின் முதல் கட்டம் அப்படித்தான் வரும், அப்படித்தான் போகும், ஆனால் கிருமி உடம்பை விட்டுப் போயிருக்காது. இவற்றை அறைக்காரன் பார்த்துச் சொல்ல ஏலாது, போன் வெளிச்சத்தில் படம் எடுத்துக் கூகிளோடு ஒப்பிடவும் ஏலாது.

இதற்கு நாட்டில் இடம் இருக்கிறது, அதுவும் காசில்லாமல். தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் அரசாங்க ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்து பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்கள் இயங்குகின்றன. யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு எல்லா இடத்திலும் உண்டு. கலியாணம் முடித்தவரா என்று பார்த்து உள்ளே விடுகிற இடம் இல்லை அது, இரகசியம் காப்பது அவர்களின் வேலையின் ஒரு பகுதி. போய்ப் பார்த்து 'வெறும் மதுவம்தான்' என்று சொன்னால் நிம்மதியாகத் திரும்பி வரலாம். பேரைக் கேட்டதும் கால் பின்னுக்கு இழுக்கும் என்பது விளங்குகிறது. அந்தப் பக்கத்து வாசலால் போகிறவனைத் தெரிந்தவர் கண்டால் ஊர் முழுக்கக் கதை வரும் என்ற பயம் சும்மா வந்த பயம் இல்லை. ஆண்களை நேசிக்கிற ஆணுக்கு அந்தப் பயம் இரண்டு மடங்கு. வெள்ளைக்காரன் 1883ல் எழுதிய தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் அவன் தலைக்கு மேல் தொங்குகின்றன. டொக்டர் ஒரு சாதாரணக் கேள்வியாக "துணை யார்?" என்று கேட்டாலும் அவன் உண்மை சொல்வானா?

பெடியள் தங்கட உடம்பைப் பற்றிக் கதைக்கிறதே இல்லை என்று சொன்னால் அதுவும் பிழை. கம்பஸுக்குள் காலடி வைத்த முதல் கிழமையில் இருந்தே பிறப்புறுப்பைப் பற்றித்தான் கதை. பகிடிவதையில் சீனியர் கேட்கிற கேள்வி, பாட வைக்கிற பாட்டு, வைக்கிற பட்டப்பெயர் எல்லாம் அதைச் சுற்றித்தான். அந்த உறுப்பின் பெயரை நூறு தடவை சத்தமாகச் சொல்லப் பழகின எங்களுக்கு, அதில் ஒரு நோவு என்றால் ஒரு டொக்டரிடம் ஒரு தடவை சொல்ல வாய் வருகிறதில்லை. பள்ளிக்கூடத்தில் சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் அந்த அத்தியாயம் வந்தபோது 'வீட்டில போய் வாசியுங்கோ' என்று பக்கத்தைத் தட்டிய ரீச்சர்மாரையும் சேர்களையும் எல்லாரும் கண்டிருக்கிறோம். அங்கே விட்ட வெற்றிடத்தைத்தான் இங்கே பகிடி வந்து நிரப்புகிறது.

எங்களுக்குப் பெரிய புரட்சி ஒன்றும் வேண்டாம். புதுமுக மாணவர்களுக்கு நூலகத்தைச் சுற்றிக் காட்டுகிற அதே கிழமையில், ஒரு டொக்டரைக் கூப்பிட்டு ஒரு மணித்தியாலம், ஆண்களையும் பெண்களையும் ஒன்றாக இருத்தி இதைக் கதைக்கவேண்டும். கம்பஸ் மெடிக்கல் சென்ரர்களில் டொக்டரின் மேசைக்கும் வரிசைக்கும் நடுவில் ஒரு கதவு வேண்டும், கதவுக்குக் காசு இல்லாவிட்டால் ஒரு திரையாவது வேண்டும். 'என்ன வருத்தம்' என்பதை வாசலில் இருக்கிறவர் சத்தமாகக் கேட்டு எழுதுவதை நிறுத்தவேண்டும். கலியாணம் முடித்ததா என்ற கேள்வி சிகிச்சைக்குத் தேவைப்பட்டால் உள்ளே கேட்கட்டும். ஹொஸ்டல் பொறுப்பாளர்களிடம் இன்னொன்றும் கேட்கிறோம், இது ஆண், பெண் இரண்டு ஹொஸ்டலுக்கும் சேர்த்து: பின்பக்கம் நல்ல வெயில் படுகிற இடத்தில், போகிறவர் வருகிறவர் பார்வை படாத மாதிரி, ரெண்டு கொடி கட்டித் தாங்கோ.